காவிரியின் மூடிய நீர்: தூண்டிற்போட்டி விதிகளும் மைசூர் நாட்டு மீன்சட்டங்களும்

கோலார் தங்கவயலுக்குக் காவிரி மின்சாரமாக வந்து சேர்ந்த ஆண்டு 1902. அவ்வாண்டு ஜூன் 30 அன்று சிவசமுத்திர அருவியின் விசையில் பிறந்த மின்னாற்றல், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பித் தடத்தின் வழியே மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களின் எந்திரங்களை இயக்கத் தொடங்கியது. திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சியும் பொறியாளர் ஜோலி த லோத்பினியேரின் திட்டமும் இணைந்த அப்பணியைத் தங்கவயல் வரலாற்றை எழுதிய அனைவரும் குறிப்பிடுகின்றனர். அந்த அருவிக்குக் கீழே ஆறு எங்கே சென்றது என்று கேட்டவர்கள் குறைவு.

சிவசமுத்திரத்திற்குக் கீழே காவிரி மலைகளுக்கிடையே புகுந்து, பீமேஸ்வரி, காலிபோரே ஆகிய இடங்களைக் கடந்து மேக்கேதாட்டுவை நோக்கிச் செல்கிறது. பாறையும் மடுவும் மாறிமாறி வரும் இந்தப் பகுதி, தூண்டில் விளையாட்டை அறிந்த உலகத்தாருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகழ்பெற்ற நீர். மகசீர் எனப்படும் கெண்டை இனப் பெருமீனைத் தேடி இங்கிலாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கு வந்தனர். இன்று அதே நீர் காவிரி வனவிலங்குச் சரணாலயத்திற்குள் அடங்கியுள்ளது. அங்கே தூண்டில் போட இசைவு இல்லை.

ஒரு நீர்ப்பரப்பை மீன்பிடிப்பவருக்கு ஏன் மூடுகிறார்கள்? மீனைக் காப்பதற்காக என்பதே உடனே தோன்றும் விடை. ஆனால் மூடப்பட்ட நீர்களின் வரலாற்றைப் பார்த்தால், பல வேளைகளில் அந்தத் தடை மீனைவிட மீன்பிடிப்பவர்களுக்கு இடையிலான உறவையே ஒழுங்குபடுத்தியிருக்கிறது என்பது புலனாகும். இதனை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருப்பது அமெரிக்காவின் பாஸ் மீன் தூண்டிற்போட்டிகளின் விதிப்புத்தகம். மைசூர் நாட்டுச் சட்டங்களைப் படிப்பதற்கு முன் அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

1967 ஜூன் மாதம் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்னும் காப்பீட்டு முகவர் ஒரு போட்டியை நடத்தினார். 13 மாநிலங்களிலிருந்து வந்த 106 பேர் தலைக்கு 100 டாலர் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டனர். மறு ஆண்டு அவர் தொடங்கிய பாஸ் தூண்டில்காரர் சங்கமே இன்றைய பெரும் போட்டிகளின் தாய். பணப் பரிசு வந்தவுடன் ஏமாற்று பற்றிய ஐயமும் உடன் வந்தது. முன்பே பிடித்து ஒளித்து வைத்த மீன், உள்ளூர்க்காரர் காட்டிக்கொடுத்த மடு, வாரக்கணக்கில் ஏரியை அளந்து வைத்திருக்கும் அண்டை வீட்டார் என ஐயத்திற்குக் காரணங்கள் பலவாக இருந்தன. 1971இல் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டிக்குத் தேர்ந்த 24 பேரை விமானத்தில் ஏற்றி, அது வானில் பறக்கும்போதுதான் நெவாடாவின் மீட் ஏரிக்குச் செல்கிறோம் என்று அறிவித்தார் ஸ்காட். போட்டி நடக்கும் நீர் எது என்பதையே மறைத்துவிட்டால் எவரும் முன்கூட்டி அதில் இறங்க முடியாது. மூடிய நீரின் மிகக் கடுமையான வடிவம் அது எனலாம்.

எல்லாப் போட்டிகளையும் அவ்வாறு மறைவில் நடத்த இயலாது என்பதால் விதி வேறு உருவம் எடுத்தது. இடம் முன்னரே அறிவிக்கப்படும். ஆனால் போட்டிக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களில், முறையான பயிற்சி நாட்களைத் தவிர, போட்டியாளர் எவரும் அந்த நீரில் இறங்கக் கூடாது. அந்நாட்களில் அந்நீரைப் பற்றி உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேட்டறிவதும் குற்றம். வென்றவரைப் பொய்யறி கருவியின் முன் உட்கார வைக்கும் வழக்கமும் உண்டு. இங்கே மூடப்படுவது நீர் மட்டும்தானா என்று கேட்டால், முதன்மையாக மூடப்படுவது அறிவு என்றே சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் பிறந்தவனும் ஆயிரம் மைல் தொலைவிலிருந்து வந்தவனும் ஒரே அளவு அறிந்தவர்களாகத் தொடங்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். அது முழுமையாக நிறைவேறுவதில்லை என்பதை விதி எழுதியவர்களும் அறிவார்கள்.

நிலவரை சார்ந்த தடைகள் இதற்கு வேறானவை. அணைக்கட்டின் மதகு வாய், குளிப்போர் பகுதி, அரசு தடைசெய்த இடம் ஆகியவை பாதுகாப்புக் கருதி விலக்கப்படுகின்றன. பொதுமக்கள் எல்லோரும் படகில் சென்று மீன்பிடிக்கக்கூடிய நீரே போட்டி நீர் என்றொரு கொள்கையும் உண்டு. ஒரு போட்டியாளரின் நண்பருக்குச் சொந்தமான தனியார் குட்டை, அதில் எவ்வளவு மீன் இருந்தாலும், கணக்கில் வராது. நிறுத்து முடித்த மீன்களை உயிருடன் விடும் இடமும் சில போட்டிகளில் விலக்கப்படுகிறது. களைத்த மீன்கள் அங்கே குவிந்து கிடப்பதால் மறுநாள் அதே மீனை எளிதில் பிடித்துவிடலாம். 1972இல் பிடித்த மீனைக் கொல்லாமல் விடும் வழக்கத்தை ஸ்காட் போட்டிக்குள் கொண்டு வந்த பிறகே இந்தச் சிக்கல் எழுந்தது.

மீனுக்காகவே மூடப்படும் நீரும் இருக்கிறது. ஆனால் அதனைப் பெரும்பாலும் போட்டி நடத்துவோர் தீர்மானிப்பதில்லை, அரசு தீர்மானிக்கிறது. பாஸ் மீனில் ஆண்மீனே கூட்டைக் காக்கும். அதனைப் பிடித்துச் சற்று நேரம் படகில் வைத்திருந்தாலும் காவலற்ற முட்டைகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். அதனால் கனடாவின் ஒன்டாரியோ போன்ற குளிர்நாட்டுப் பகுதிகளில் முட்டையிடும் பருவம் முடியும்வரை பாஸ் பிடிப்பதற்குத் தடை உள்ளது. ஆக, ஒரே ஏரி மூன்று வேறு காரணங்களால் மூடப்படலாம்: போட்டியாளரிடையே சமநிலை, ஆட்களின் உயிர்ப் பாதுகாப்பு, மீனின் இனப்பெருக்கம். விதிப்புத்தகத்தின் சிறப்பு இவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்திருப்பதே. எந்தத் தடை எதற்காக, எதுவரை, யாருக்கு என்பது எழுத்தில் உள்ளது.

இந்த முறையைத் தமிழ்நாட்டு வாசகர் அந்நியமானதாகக் கருத வேண்டியதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களின் கண்மாய்களில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா இதே தருக்கத்தில் இயங்குகிறது. அறுவடை முடிந்து, கண்மாய் நீர் வற்றி, முழங்கால் இடுப்பளவுக்கு வரும் கோடைநாள் வரையில் ஊர்ப் பொதுக் கண்மாயில் யாரும் மீன் பிடிப்பதில்லை. நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். விடியற்காலையில் கரையைச் சுற்றி ஊத்தாவும் கச்சாவும் தூரியும் வலையுமாக மக்கள் திரண்டு நிற்பார்கள். கோயிலில் வழிபாடு முடிந்து, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே அனைவரும் ஒருசேர நீரில் இறங்குவர். விராலோ கெளுத்தியோ கெண்டையோ, அவரவர் கைக்கு அகப்பட்டது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. விற்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு.

அந்த வெள்ளைத் துண்டு வீசப்படும் நொடிவரை கண்மாய் மூடிய நீர். அதன் நோக்கம் இரண்டு: மீன் வளர வேண்டும், வளர்ந்த மீனை முந்திக்கொண்டு ஒருவர் அள்ளிவிடக் கூடாது. இரண்டாவது நோக்கம் முதலாவதைக் காக்கிறது என்பதே இங்கு நுட்பம். தனக்கும் பங்கு உண்டு என்று அறிந்தவன் இரவில் வலை வீசும் அண்டை வீட்டானைத் தானே கண்காணிப்பான். தனிக் காவலர் தேவைப்படுவதில்லை.

ஆனால் இதனைப் பழைய பொற்காலத்தின் எச்சமாக வரைவது தவறாகும். ஊரின் எல்லாச் சாதியாரும் ஒரே கரையில் நின்றார்களா என்ற கேள்வியை எந்தக் கண்மாயை ஆய்வு செய்பவரும் தவிர்க்க முடியாது. மீன் உரிமை காசாக மாறியதும் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் ஏரி மீன்மீது விதித்த வருவாய். அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய ஏற்பாடுகளும் உண்டு. கோலார்ப் பகுதியே அன்று நிகரிலிச் சோழமண்டலத்தின் ஓர் உறுப்பாக இருந்தது என்பதைத் தங்கவயல் வாசகர் இங்கே நினைவிற் கொள்ளலாம். இன்றைய மீன்பாசி ஏலமும் அந்த மரபின் நெடுந்தொலைவு உறவினரே. ஏலத்தில் எடுத்தவருக்குக் கண்மாய் திறந்திருக்கும், மற்றவருக்கு மூடியிருக்கும். அங்கே காவலுக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் இந்த நீர்களைப் பார்த்தபோது கண்டது வேறு. மதராஸ் மாகாண மருத்துவப் பணியிலிருந்து மீனியலுக்கு வந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையை 1873இல் வெளியிட்டார். மாவட்ட அலுவலர்களிடமும் தாசில்தார்களிடமும் கேள்விகள் அனுப்பிப் பெற்ற விடைகள் அதில் நிரம்பியுள்ளன. குறுங்கண் வலை, வாய்க்காலில் நிலையாகப் பதித்த பொறி, நஞ்சிட்டு மீன்பிடித்தல் ஆகியவை மீன்வளத்தை அழிக்கின்றன என்பது அவர் முடிவு. அதே ஆண்டில் மதராஸ் ஆட்சிப்பணியாளர் ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் விளையாட்டு பற்றிய தம் நூலை வெளியிட்டார். தென்கன்னட மாவட்டத்தில் மீன்வளர்ப்பு பற்றி அரசுக்கு எழுதியவரும் அவரே. உணவு மீன் குறைகிறது என்னும் அரசு அலுவலரின் கவலையும், மகசீர் குறைகிறது என்னும் விளையாட்டு வீரரின் கவலையும் ஒரே தலைமுறையில், சில வேளை ஒரே மனிதரிடத்தில், கலந்து நின்றன. பிற்காலச் சட்டங்களின் குழப்பம் இங்கிருந்து தொடங்குகிறது.

1879இல் நீலகிரிக்கென மதராஸ் அரசு இயற்றிய வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டை விலங்கையும் மீனையும் ஒரே ஏட்டில் சேர்த்தது. 1897இன் இந்திய மீன்வளச் சட்டம் மேலும் பரந்தது. அதன் நான்காம் பிரிவு டைனமைட் முதலிய வெடிபொருளால் மீன் பிடிப்பதையும், ஐந்தாம் பிரிவு நீரில் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கின. ஆறாம் பிரிவு மாகாண அரசுக்கு விதி செய்யும் அதிகாரத்தைத் தந்தது. வலையின் கண்ணளவு, நிலைப்பொறி, அணைப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தலாம். குறிப்பிட்ட ஒரு நீரில் எல்லா வகை மீன்பிடிப்பையும் தடைசெய்யவும் செய்யலாம். ஆனால் அத்தடை இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. காலனி ஆட்சியின் சட்டம் என்பதற்காக இந்த வரம்பைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. மூடுகிறவனுக்கும் ஒரு கெடு வைத்த விதி அது. பிற்காலச் சட்டங்களில் இத்தகைய கெடுவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைசூர் சமஸ்தானம் என்பதால் 1897ஆம் ஆண்டுச் சட்டம் காவிரியின் இப்பகுதிக்குத் தானாகப் பொருந்தவில்லை. சமஸ்தானம் தனக்கென 1901இல் வேட்டை, மீன் பாதுகாப்பு ஒழுங்குமுறையை இயற்றியது. அவ்வாண்டின் இரண்டாம் ஒழுங்குமுறை அது. பெயரே நோக்கத்தைச் சொல்கிறது: புலியும் மானும் நின்ற வரிசையில் மீனும் வைக்கப்பட்டது. வேட்டை விலங்காக எண்ணப்பட்ட மீனுக்கு உரியவன் வேட்டைக்காரன். வலையோடு வருபவன் கள்ளன். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் வீட்டு அடுப்புக்குப் பிடித்த மீனும், உரிமம் பெற்ற துரை புகைப்படத்திற்காகப் பிடித்த மீனும் ஒரே மீன்தான். சட்டம் பிரித்தது பிடிக்கும் கருவியை. கருவியைப் பிரித்ததன் மூலம் ஆட்களையும் பிரித்தது.

டைனமைட் தொடர்பான தடை இப்பகுதிக்குத் தனிப் பொருள் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெடிமருந்து தென்னிந்தியாவின் உள்பகுதிகளுக்குப் பெருமளவில் வந்தது சுரங்கம், கல்குவாரி, இருப்புப்பாதை, அணை ஆகிய வேலைகளின் வழியே. ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880களில் கோலாரில் சுரங்கங்களைக் கையில் எடுத்த பின்னர், வடஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் கையாண்ட பொருள் அது. பாறையைப் பிளக்கும் ஒரு குச்சி மடுவில் வெடித்தால் பெருமீனும் குஞ்சும் சேர்ந்து மிதக்கும். மகசீர் வறட்சிக் காலத்தில் ஆழமான மடுக்களில் ஒதுங்கும் மீன். அதனால் ஒரு வெடி பல ஆண்டுகளின் வளர்ச்சியை ஒரு நொடியில் அழிக்க முடியும். குறுங்கண் வலையோடு டைனமைட்டை ஒப்பிட்டுச் சட்டம் எழுதியவர்கள் உள்ளூர் மீன்பிடி முறைகளுக்கு அநீதி இழைத்தனர் எனலாம். டைனமைட்டைப் பற்றி அவர்கள் எழுதியதில் பிழை இல்லை.

1901இல் மீன் சட்டம், 1902இல் மின் நிலையம். ஒரே அரசு ஓராண்டு இடைவெளியில் ஒரே ஆற்றின் மீது செய்த இவ்விரு செயல்களையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் இல்லை. மீன் சட்டம் ஆற்றில் இறங்கும் மனிதனைக் கட்டுப்படுத்தியது. மின் நிலையம் ஆற்றையே திருப்பியது. கோடையில் நீர் குறைந்தபோது தங்கவயலுக்குத் தடையின்றி மின்சாரம் அளிப்பதற்கு மேலே தேக்கம் வேண்டியிருந்தது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் காரணங்களுள் அதுவும் ஒன்று. பாசனத்தோடு சேர்த்தே விசுவேசுவரையா அதனை வாதிட்டார். அணைக்குப் பிந்திய காவிரியில் வெள்ளத்தின் காலமும் அளவும் மதகு திறப்போர் கைக்குப் போயின. மழைக்கால வெள்ளத்தோடு மேலேறி முட்டையிடும் மீனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மீனியல் படித்தவர் எளிதில் உணர்வார். மூடிய நீர் பற்றிய எந்த விதியும் மதகைக் கட்டுப்படுத்தவில்லை.

தூண்டில்காரர்களின் புகழ் இதற்கிடையே வளர்ந்தது. மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழிலால் பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946 மார்ச்சில் காவிரியின் துணையாறான கபினியில் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ, எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். சமஸ்தானம் மறைந்த பிறகு இந்த விளையாட்டும் மங்கியது. 1970களின் இறுதியில் ஆங்கிலேயத் தூண்டில்காரர் சிலர் மீண்டும் வந்து பெருமீன்களைப் பிடித்த செய்தி பரவியதும் காவிரிக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. மாநில அரசின் வன விடுதி நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது.

முகாம்களின் விதி, பிடித்த மீனை நிறுத்துவிட்டு உயிருடன் விடுவது. கரையோர ஊர்களின் ஆண்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர். ராகி மாவை வேகவைத்து உருட்டிய இரையைத் தூண்டிலில் கோப்பதில் அவர்களே வல்லுநர்கள். முன்பு வலையும் வெடியுமாக ஆற்றில் இறங்கியவர்களுள் சிலரே பின்னர் அதைத் தடுக்கும் காவலர் ஆனார்கள் என்பது முகாம்களைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. இதில் ஒரு கசப்பும் உண்டு. தன் ஊர் ஆற்றில் தனக்காக மீன் பிடிக்க முடியாதவன், வெளிநாட்டு விருந்தினர் பிடித்து விடுவதற்குத் துணைநின்று கூலி பெற்றான். ஆயினும் அந்த மீன் உயிருடன் இருப்பதில் அவனுக்குப் பங்கு இருந்தது. கண்மாய்க்கரையில் காத்து நிற்பவனுக்கு இருக்கும் பங்கு அளவுக்கு இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு பங்கு.

காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இல் அறிவிக்கப்பட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பதும் பொறிவைப்பதும் அதில் அடங்கும். பிடித்து விடுவதும் பிடிப்பதுதான் என்னும் வாதத்திற்குச் சட்டத்தின் எழுத்து இடம் தருகிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சரணாலயத்திற்குள் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. 2012உடன் காலிபோரே முகாமின் தூண்டில் பதிவுகள் முடிகின்றன. மீனை வேட்டை விலங்காகக் கருதிய 1901ஆம் ஆண்டின் சிந்தனை, ஒரு நூற்றாண்டு கழித்துத் தூண்டில்காரனுக்கு எதிராகவே திரும்பியது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பதிவேடுகளின் கதை தனிக் கவனத்திற்குரியது. எத்தனை மணிநேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், ஒவ்வொன்றின் எடை என்ன என்பதை முகாமினர் எழுதி வைத்திருந்தனர். ஏட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய மீனியலாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை ஆய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 23,600 மணிநேர உழைப்பில் 6,100க்கும் மேற்பட்ட மகசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. மணிக்கு அகப்படும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சராசரி எடை குறைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் காவலின் வெற்றி: குஞ்சுகள் பெருகுகின்றன.

உள்ளே பார்த்தால் வேறு செய்தி. பெருகியது நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கு வெளியே இருந்து வந்த இனம். லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன்பண்ணையில் 1970களிலிருந்து பொரிக்கப்பட்ட குஞ்சுகள் நாட்டின் பல நீர்களுக்கு அனுப்பப்பட்டன; காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைகிறது, மகசீரை விடுவோம் என்னும் நல்லெண்ணமே அதன் பின்னணி. தூண்டில்காரர்களைப் பெருமைப்படுத்திய பழைய மீன், முதுகில் திமில் போன்ற மேடுடைய காவிரியின் சொந்த மகசீர், பதிவேட்டில் ஆண்டுதோறும் அருகி வந்தது. மகசீர் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு மீன்களை வைத்ததன் விளைவு அது.

இன்னும் வியப்பானது, அந்தத் திமில் மகசீருக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயரே இல்லை. நூற்றாண்டுக்கு மேல் உலகப் புகழ் பெற்ற மீன், பிற மகசீர்களின் பெயர்களிலேயே வழங்கி வந்தது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த இளம் மீன்களைக் கொண்டு குருப், ராதாகிருஷ்ணன் ஆகியோர் விவரித்த டோர் ரெமாதேவி என்னும் இனமும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்பது 2018இல் நிறுவப்பட்டது. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரியை அடையும் ஆறு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய அம்மீன், அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. 1901இன் ஒழுங்குமுறையும் 1972இன் சட்டமும் 1987இன் சரணாலய அறிவிக்கையும் மூடிய நீரில் இருந்தது எந்த மீன் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று.

தூண்டில் முகாம்கள் மூடப்பட்டதால் காவல் தளர்ந்தது, வெடியும் வலையும் மீண்டன என்று பின்டர், ராகவன் போன்றோர் வாதிடுகின்றனர். மீனின் வாயில் முள் குத்தி விளையாடுவதைப் பாதுகாப்பு என்று அழைக்கக் கூடாது என்பது எதிர்வாதம்; சரணாலயத்தில் ஒருவருக்கு விளையாட்டு உரிமை தந்துவிட்டுக் கரையோரத்தாருக்கு உணவு உரிமையை மறுப்பது எப்படி என்னும் கேள்வியும் அதனோடு சேர்ந்து நிற்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒரு பொருளைக் கடந்து செல்கின்றன. அமெரிக்கப் போட்டி விதியில் நீர் மூடப்படும்போது காரணம் சொல்லப்படுகிறது, முடிவு நாள் குறிக்கப்படுகிறது, திறந்ததும் எடைத்தட்டில் கணக்கு எடுக்கப்படுகிறது. கண்மாயில் வெள்ளைத் துண்டு விழும் நாளே கணக்கெடுப்பு நாள். அவ்வாண்டு மீன் எப்படி என்பதை மாலைக்குள் ஊர் முழுதும் அறியும். சரணாலய ஆற்றில் தடைக்கு முடிவு நாள் இல்லை. தூண்டில் பதிவேடுகளின் இடத்தை நிரப்பும் தொடர் கணக்கெடுப்பு தடையோடு சேர்ந்து வரவில்லை.

திமில் மகசீரின் உயிர்க்கூட்டங்களுள் ஒன்று இன்று மோயாற்றில் இருப்பதாக ஆய்வாளர் காட்டியுள்ளனர். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளைத் தொட்டு ஓடி பவானியில் கலக்கும் அந்த ஆறும் காப்புக்காட்டு நீர். அதன் மேற்பகுதியிலும் மின் நிலையங்கள் உள்ளன. அங்கே மீனைத் தேடிச் சென்றவர்கள் வன அலுவலரின் இசைவு பெற்று, தூண்டிலால் பிடித்து, திசு மாதிரி எடுத்து, அளந்து, விட்டனர். பெயரறியா மீனுக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான்.

தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பொறிகள் நின்றன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கமும் மைசூர் மைன்ஸ் குழிகளும் நிலத்தடி நீரால் நிரம்பின. சிவசமுத்திர மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. அதற்குக் கீழே காலிபோரே முகாமின் தூண்டில் பதிவேட்டில் கடைசி வரி 2012இல் எழுதப்பட்டது.